கல்லாவுக்குப் பூட்டு உண்டு, செல்போனுக்கு?

தாராவியில் விடியும் முன்பே இட்லி அவியத் தொடங்கி விடுகிறது. வெளிச்சம் வருவதற்குள் பையன்கள் சைக்கிளில் பாத்திரத்தை ஏற்றிக் கொண்டு கிளம்பி விடுவார்கள். முன்பெல்லாம் அவர்கள் திரும்பி வரும்போது சட்டைப் பையில் சில்லறை குலுங்கும். இப்போது சைக்கிளில் ஒரு க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. வாங்கியவர் தன் செல்போனை அதன் முன் காட்டுகிறார். பணம் முதலாளியின் கணக்குக்குப் போய் விடுகிறது.

2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் இது. சில்லறைத் தகராறு குறைந்தது. திருடனும் தன் வழியை மாற்றிக் கொண்டான்.

மும்பையில் தமிழர்கள் நடத்தும் தொழில்களில் பல சிறியவை. இட்லி வியாபாரம், மளிகைக் கடை, தோல் பை தைக்கும் பட்டறை. ஒரு முதலாளி, அவர் ஊரிலிருந்து அழைத்து வந்த பையன்கள் நாலைந்து பேர். கடைக்கு மேலே உள்ள பரண்தான் பையன்களுக்கு வீடு. கம்ப்யூட்டர் நிபுணரைச் சம்பளத்துக்கு வைக்க இவர்களால் ஆகாது. நல்ல வேளையாக, அதற்குத் தேவையும் இல்லை.

வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கு?

யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுக்கத்தான் அது வேண்டும். "உங்களுக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவன் கொடுக்க வந்தவன் அல்ல, எடுக்க வந்தவன். மொத்தமாக 200 இட்லி, 50 பை என்று பெரிய ஆர்டர் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவான். ஆசை கண்ணை மறைத்து விடும்.

காலை நேரக் கூட்டத்தில் வேறொரு தொல்லை. பணம் கட்டியது போலத் திரையில் ஒரு படத்தைக் காட்டி விட்டுப் போய் விடுகிறார்கள். அப்படியே காட்டுவதற்கென்று போலிச் செயலிகளும் உள்ளன. வாடிக்கையாளரின் திரையைப் பார்ப்பதில் பயனில்லை. நம் செல்போனிலோ, ஒலிபெருக்கிப் பெட்டியிலோ தொகை வந்ததா என்பதுதான் கணக்கு. கடை வாசலில் ஒட்டியிருக்கும் அட்டையின் மேல் இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டி விடுவதும் உண்டு. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் அது தெரிந்து விடும்.

நாலு பேருக்கு ஒரே எண்

பல கடைகளில் ஒரே ஒரு செல்போன் இருக்கிறது. அதன் ரகசிய எண் கடையில் எல்லோருக்கும் தெரியும். "எல்லாம் நம்ம பிள்ளைகள்தானே" என்பார் அண்ணாச்சி. நல்ல மனசுதான். ஆனால் ஒரு நாள் 8 ஆயிரம் ரூபாய் குறைந்தால் நாலு பேர் மேலும் சந்தேகம் விழுகிறது. எடுத்தவன் எங்கோ ஓர் ஊரில் இருப்பான். அடி வாங்குகிறவன் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பையனாக இருப்பான்.

எண்ணை ஒருவரோ, அதிகம் போனால் இருவரோ வைத்துக் கொண்டால் போதும். இது பையன்களை நம்பாததால் அல்ல, அவர்கள் மீது வீண் பழி விழாமல் இருக்கத்தான் என்று அவர்களிடமே சொல்லி விடுவது நல்லது. வரவை மட்டும் பார்க்கும் உரிமையை ஊழியருக்குக் கொடுக்கும் வசதி சில வணிகச் செயலிகளில் இருக்கிறது. க்யூ.ஆர். அட்டைக்கென்று தனிக் கணக்கு வைத்து, அன்றாட வசூலை இரவில் யு.பி.ஐ. இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்றி விடலாம். அப்போது போனாலும் ஒரு நாள் வசூலோடு போகும். பையன் வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே எண்ணை மாற்ற வேண்டும்.

பயந்த பையன் வாய் திறக்க மாட்டான்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆன பையன். இந்தி அரைகுறை. ஃபோனில் ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாக மிரட்டுகிறான். இவன் புரியாமலே "ஹாங், ஹாங்" என்று தலையாட்டி, வந்த எண்ணைப் படித்துச் சொல்லி விடுகிறான். தவறு நடந்து விட்டது என்று பத்து நிமிடத்தில் அவனுக்கே புரிகிறது. என்ன செய்வான்? ஏலே என்று ஆரம்பித்து முதலாளி போடப் போகும் சத்தம் காதில் கேட்கிறது. அடுத்த மாதச் சம்பளம் போய் விடும், அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடியாது. மூச்சு விடாமல் இருந்து விடுகிறான். இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் பணம் ஏழெட்டுக் கணக்குகள் மாறிப் போயிருக்கும்.

முதலாளியின் கோபத்தைத்தான் திருடன் மூலதனமாக வைத்திருக்கிறான். "தப்பு நடந்தால் உடனே சொல், சொன்னவனை ஏச மாட்டேன், சம்பளத்தில் பிடிக்க மாட்டேன்" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரு தடவை கை நீட்டி விட்டால் அடுத்தவன் சொல்ல மாட்டான்.

வாரத்தில் ஒரு நாள், சைக்கிள்கள் திரும்பி, சாப்பாடு முடிந்து, மாவு அரைக்கும் முன்பு கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். அந்த வாரம் யாருக்கு என்ன ஃபோன் வந்தது, என்ன சொன்னான் என்று பையன்களே சொல்லட்டும். முதலாளியும் தனக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். இப்போது நல்ல தமிழிலேயே பேசி, "நானும் நம்ம பக்கம்தான்" என்று உறவு கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்-அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தால் செல்போனே பறிபோகலாம் என்பதையும் இப்படித்தான் புரிய வைக்க முடியும்.

கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கைக் கொடு என்று பையன்களிடம் கேட்கும் ஆட்களும் திரிகிறார்கள். திருட்டுப் பணம் அந்த வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்குக்கு உடையவனைத்தான்.

முதலாளி ஊருக்குப் போனால்

கோவில் கொடைக்கு நாகர்கோவில் ரயில் ஏறி விட்டால், மலைப் பகுதியில் முதலாளியின் ஃபோன் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து அவர் படத்தோடு ஒரு செய்தி வரும்: "அவசரம், இந்த நம்பருக்கு 20 ஆயிரம் போடு."

சிக்னலோடு இணைக்கப்படாத ரயில்வே கேட்டில், மூடியாயிற்று என்று கேட்மேன் வாயால் சொன்னால் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக் கொள்ள மாட்டார். தன்னிடம் உள்ள தாளைப் பார்த்து ஒரு ரகசிய எண்ணையும் கேட்மேன் சொல்ல வேண்டும். இருவரும் அதை எழுதிக் கொள்வார்கள். கடைக்கும் அப்படி ஒரு சொல் இருக்கலாம். குலதெய்வத்தின் பெயர் வேண்டாம். அது ஊருக்கே தெரியும்.

கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்கு வைத்திருக்கும் பட்டறைக்காரர்கள் வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்து விட வேண்டும். 2017 ஜூனில் நவசேவா துறைமுகத்திலேயே ஒரு முனையம் கம்ப்யூட்டர் வைரசால் முடங்கியது.

பணம் போய் விட்டால்

1930 என்ற எண்ணுக்கு உடனே ஃபோன் செய்ய வேண்டும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க முயற்சி எடுக்கிறார்கள். வங்கிக்கும் அதே நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் நம் மீதும் தவறு இல்லாமல் பணம் போயிருந்தால், தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. ரகசிய எண்ணை நாமே சொல்லி விட்டிருந்தால், புகார் செய்யும் வரை ஏற்பட்ட நஷ்டம் நம்முடையது. அதற்குப் பிறகு போவது வங்கியுடையது.

ஃபோன் செய்யும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிமாற்றத்தின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். புகார் எண் கொடுத்தால் எழுதிக் கொண்டு, அருகில் உள்ள காவல் நிலையத்துக்குப் போகலாம். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, கல்லாவுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். பரணில் படுக்கும் பையன்கள் கண்ணில் படும்படி அங்கேயும் ஒன்று இருக்கட்டும்.