பையில் மடங்கும் பாய்ப்படகு

படகு வைத்திருப்பவருக்கு இன்னொரு படகு எதற்கு? கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சொந்தமாகப் பாய்க்கப்பல் வைத்திருக்கும் மேலைநாட்டுக் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது படகு இல்லாவிட்டால் முதற் படகால் பயனில்லை என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளமான உல்லாசப் படகின் அடிப்பாகம் நீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். அது கரையை அண்ட முடியாது. ஆகவே தூரத்தில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, மரக்கறி வாங்கவும் குடிதண்ணீர் எடுக்கவும் சின்னத் தோணி ஒன்றில்தான் கரைக்கு வருவார்கள். இந்து சமுத்திரத்தைக் கடக்கும் இத்தகைய படகுகள் நமது காலித் துறைமுகத்திலும் தங்கிப் போவதுண்டு. அவற்றின் பின்னால் மிதக்கும் காற்றடைத்த இறப்பர் தோணியைத்தான் சொல்கிறேன்.

இந்தத் தோணிக்குப் பெரும்பாலும் கூலியாள் வேலைதான். இயந்திரத்தைப் பூட்டினால் இரைச்சலோடு ஓடும், முடிந்ததும் கயிற்றில் கட்டிப்போடுவார்கள். அதற்கே ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான் பூட்டினால் எப்படி இருக்கும் என்று யாரோ யோசித்ததன் விளைவே காற்றடைத்த பாய்த்தோணி. வேலைக்காரத் தோணி விளையாட்டுத் தோணியாகிவிட்டது.

இதனால் அதிக பயன் அடைபவர்கள் யார் தெரியுமா? பிள்ளைகளும் தாய்மாரும்தான். பெரிய பாய்க்கப்பலில் எல்லா வேலையும் பெரியவர்களுடையது, அதிலும் பெரும்பாலும் ஆண்களுடையது. கயிறுகள் தடிப்பு, பாய்கள் பாரம். ஒரு பிழை விட்டால் கை போகும். அதனால் பிள்ளைகளைப் பார்த்து "தொடாதே, இரு, எழும்பாதே" என்பதுதான் நாள் முழுதும். நங்கூரமிட்ட பிற்பகலில் வாப்பா இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார், உம்மா அந்தக் குறுகிய அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருப்பார், பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பார்கள். உலகத்தின் எந்த வீட்டுக்கும் பொதுவான காட்சிதானே!

மூன்று மீற்றர் கூட இல்லாத தோணியில் நிலைமை தலைகீழ். பத்து வயதுப் பிள்ளை ஒரு கையில் சுக்கானையும் மறு கையில் பாயை இழுக்கும் தாமான் கயிற்றையும் பிடித்துக்கொள்ளலாம். கயிற்றை விட்டால் பாய் கொடியில் காயும் சேலை போலப் படபடத்துக் காற்றை உதறிவிடும், தோணி நின்றுவிடும். இழுத்தால் ஓடும். பிழையும் திருத்தமும் கைக்குள்ளேயே இருக்கிறது. இதைவிட நல்ல வகுப்பறை உண்டா? உலகெங்கும் சிறுவர்கள் பாயோட்டப் பழகும் 'ஒப்டிமிஸ்ற்' என்ற சின்னப் படகு 2.3 மீற்றர் நீளமும் 35 கிலோ நிறையும் கொண்டது. அது மிக நல்ல படகுதான். ஆனால் மடங்காது. பெரிய படகின் மேற்தளத்தில் அதை வைத்தால் மனிதர் நடக்க இடமில்லை. காற்றடைத்ததோ, காற்று போனதும் சுருட்டிய பாய் போல ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது.

காற்றை அடைத்து நீரில் மிதக்கும் வித்தை புதிதல்ல. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அசீரியச் சிற்பங்களில், ஊதிய தோற்பைகளை அணைத்தபடி ஆற்றை நீந்தும் மனிதரைக் காணலாம். கிறிஸ்துவுக்கு முன் 9ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை அவை. ஈராக்கின் மோசுல் பகுதியில் நமது சகோதர முஸ்லிம்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் 'கெலெக்' என்ற தெப்பத்தைப் பயன்படுத்தினார்கள். ஊதிய ஆட்டுத்தோல்களின் மேல் மரச்சட்டம் கட்டி, சரக்கேற்றி, தைகிறிஸ் நதியின் ஓட்டத்தோடு பக்தாத் வரை வருவார்கள். வந்ததும் மரத்தை விற்றுவிடுவார்கள். தோல்களின் காற்றை இறக்கி, கழுதையில் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள். நதியை எதிர்த்துப் படகு வலிக்கும் கஷ்டமே இல்லை. மடித்துத் தூக்கிச் செல்லும் படகு என்ற எண்ணத்துக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1847இல் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் நிம்ரூத்திலிருந்து தோண்டியெடுத்த பாரிய கற்சிலைகளைக்கூட இப்படிப்பட்ட தோல் தெப்பங்களில்தான் பஸ்ராவுக்கு அனுப்பினார்.

அடுத்து வந்தவர் சற்று விசித்திரமானவர். பீற்றர் ஹல்கெற் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1840களில் ஒரு மழைக்கோட்டைச் செய்தார். தோளில் போட்டால் கோட்டு, ஊதினால் படகு! ஊதுவதற்குத் துருத்தி சட்டைப்பையில். கைத்தடி துடுப்பாகிவிடும். பாயாக எதைப் பிடித்தார் தெரியுமா? குடையை! சிரிப்பதற்கு முன் அவரது நோக்கத்தைப் பாருங்கள். 1819 தொடக்கம் 1822 வரை கனடாவின் வடபகுதியில் பயணம் செய்த பிராங்ளின் குழுவினர், குறுக்கிட்ட ஆற்றைக் கடக்கப் படகின்றி நாட்களை இழந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பலர் பசியாலும் குளிராலும். யாரும் சுமந்து செல்லக்கூடிய படகு ஒன்று இருந்திருந்தால் என்ற ஆதங்கமே அந்தக் கோட்டு. கடற்படை அதை ஏற்கவில்லை. ஆயினும் 1846இல் ஜோன் ரே என்ற பயணி ஹல்கெற்றின் படகொன்றை வடதுருவப் பகுதிக்குக் கொண்டுசென்று நன்றாகப் பயன்படுத்தினார்.

காற்றடைத்த தோணியில் பாய் விரித்துச் சமுத்திரத்தையே கடந்தவரும் இருக்கிறார். அலன் பொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர், கடலில் மூழ்கிய மீனவர்களின் உடல்களைத் தம் ஆஸ்பத்திரியில் கண்டு மனம் நொந்தவர். கப்பல் உடைந்து சின்னத் தோணியில் ஏறியவர்கள் பயத்தாலும் நம்பிக்கை இழப்பாலுமே இறக்கிறார்கள் என்பது அவரது எண்ணம். அதை மெய்ப்பிக்க, நாலரை மீற்றர் அளவான 'சோடியாக்' இறப்பர் தோணியொன்றில் தன்னந்தனியாக 1952 ஒக்டோபர் 19ஆம் திகதி கனாரித் தீவுகளிலிருந்து புறப்பட்டார். பச்சை மீனைத் தின்றார், மீனைப் பிழிந்து நீர் குடித்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு கப்பலில் ஏறிச் சிறிது உணவு உண்டுவிட்டு மீண்டும் தோணிக்கே இறங்கினார். அந்த மனத்திடத்தை என்னவென்பது! டிசம்பர் 23ஆம் திகதி பார்படோஸ் தீவை அடைந்தபோது உடல் நிறையில் 25 கிலோ குறைந்திருந்தது. கடல்நீரையும் சிறுகச் சிறுகக் குடிக்கலாம் என்ற அவரது கருத்தை இன்றைய வைத்தியர்கள் ஏற்பதில்லை, அதை யாரும் பின்பற்றக் கூடாது. ஆனால் காற்றடைத்த தோணி உயிர் காக்கும் என்ற அவரது பிடிவாதம் வீண்போகவில்லை. 1960ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற் பாதுகாப்பு உடன்படிக்கை காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பங்களைக் கப்பல்களுக்கு ஏற்றுக்கொண்டது.

2015இல் துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குக் கடல் வழியாக வந்த எட்டு இலட்சத்துக்கும் அதிகமான அகதிகளில் பலர் ஏறியதும் இறப்பர் தோணிகளில்தான். பெரும்பாலோர் சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டவர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய அந்தத் தோணிகளின் படங்கள் கண்ணில் நிற்கும்போது, இதை விளையாட்டுப் பொருளாக மட்டும் எழுத மனம் வரவில்லை.

இன்று கிடைப்பவை இரண்டு விதம். ஒன்று, வழமையான குழாய்த் தோணியிலேயே பாயைப் பூட்டுவது. இங்கிலாந்தின் 'டிங்கர் டிராம்ப்' இவ்வகையில் பெயர் பெற்றது. வலிக்கலாம், பாயோட்டலாம், மேலே கூடாரம் போட்டால் ஆபத்து வேளையில் உயிர்காப்புத் தெப்பமும் ஆகும். ஒல்லாந்தின் 'டிங்கிகோ'வும் இந்த இனமே. இரண்டாவது, பாயோட்டத்துக்கென்றே செய்தது. பிரான்சின் பிரித்தானி மாகாணத்தில் தயாராகும் 'டிவால்' அப்படிப்பட்டது. அதை வடிவமைத்தவர் மரியோன் எக்ஸ்கொஃபோன் என்ற பெண்மணி. 3.2 மீற்றர் நீளம், சுமார் 50 கிலோ. இரண்டு பைகளில் அடங்கி, சுமார் இருபது நிமிடத்தில் படகாகிறது. இதன் உடலின் இரு துணிப் படைகளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இணைக்கின்றன. பஞ்சு மெத்தையில் இடையிடையே நூல் கோத்து இழுப்போமே, அது போல. அதனால் காற்றை இறுக்கி அடைத்தாலும் பலூன் போல உருளாமல் பலகை போலத் தட்டையாக நிற்கிறது.

பாயோட்டத்தில் கட்டைப் படகுக்கு இது ஈடாகுமா என்றால், குழாய்த் தோணி ஈடாகாது. நீரின் மேலேயே நிற்பதால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தடுக்க நீருக்குள் ஒரு தட்டைப் பலகையை இறக்குவார்கள். அது இல்லாமல் எதிர்க்காற்றில் முன்னேறவே முடியாது. வேகம் குறைவு என்று குறைப்படுபவர்களுக்கு, இது வேகத்துக்காக வாங்கும் பொருள் அல்ல என்பேன்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இப்படகில் நனையாமல் இருக்க முடியாது. அபாயா நனைந்தால் பாரம், காலைச் சுற்றும். அவுஸ்திரேலிய முஸ்லிம் சகோதரி அஹெதா சனெற்றி 2004இல் வடிவமைத்த 'புர்கினி' போன்ற, உடல் மறைத்து நீரில் இலேசாக இருக்கும் உடை இதற்குப் பொருத்தம். ஸ்காஃபின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும், கயிறு ஓடும் கப்பியில் அகப்பட்டால் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலே உயிர்காப்பு அங்கி. நீந்தத் தெரிந்தவருக்கும்தான். அந்நியர் பார்வை படாத சிறிய குடாவுக்குள் தாயும் மகளும் தாங்களே போய் வருவதற்கு இந்தத் தோணி வழி செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறுமுன் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இதன் இலேசே இதன் ஆபத்து. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கரையோரக் கடல் குளம் போல அமைதியாகத் தெரியும். பிள்ளைகள் சந்தோஷமாகப் போய்விடுவார்கள், திரும்பத்தான் முடியாது. அந்தக் காற்றில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. மற்ற நாட்களில் முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். களைத்தாலும் கயிறு அறுந்தாலும் காற்றே புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பாய் இருக்கிறதே என்று துடுப்பை விட்டுப்போவது முட்டாள்தனம். பெரிய படகில் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டை விழுந்தால் மூழ்கிவிடாதா என்று பயப்பட வேண்டாம். குழாய்கள் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். சைக்கிள் ரியூப்புக்குப் போலவே ஒட்டுப்போடலாம். எங்கள் போன்ற நாட்டு வெயிலில்தான் கவனம் வேண்டும். காலையில் இறுக்கிய காற்று நண்பகலில் சூடேறி விரியும், கொஞ்சம் திறந்துவிட வேண்டும். பீ.வி.சீ. துணி வெயிலில் விரைவில் கெட்டுவிடும், ஹைப்பலோன் வகை விலை கூடினாலும் நீண்டகாலம் உழைக்கும். மாலையில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மடிப்புகளுக்குள் இருக்கும் மணலைத் தட்டி, நிழலில் முற்றாகக் காயவைத்த பிறகுதான் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த விடுமுறைக்கு எடுக்கும்போது மணமே காட்டிக்கொடுத்துவிடும்.