அட்டைக் கடனும் அதிலிருந்து மீளும் வழியும்

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் கடன் என்கிறோம். செய்தே தீர வேண்டிய கடமையையும் கடன் என்கிறோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடமை என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது போலும். அவ்வெண்ணத்தில் ஊறிய குடும்பங்களில் பிறந்தவர்களும் இன்று ஒரு புதுவகைக் கடனில் அகப்பட்டு வருந்துகிறார்கள். கிரெடிட் கார்டு என்று நாம் வழங்கும் கடன் அட்டையினால் வரும் கடனே அது.

இதனை மாணவர்களிடம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, முதல் மாதச் சம்பளம் வங்கியில் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, அட்டை வேண்டுமா என்று தொலைபேசியில் ஒரு குரல் உங்களை இனிமையாக அழைக்கும். அந்த அழைப்பு வருவதற்கு முன்பே இதன் கணக்கை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலில் இந்த அட்டையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1950-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்ற நிறுவனம் ஓர் அட்டையை வழங்கியது. அதை வைத்திருப்பவர் உணவு விடுதிகளில் உண்டுவிட்டுப் பிறகு பணம் செலுத்தலாம். ஆனால் மாதக் கணக்கு வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். 1958-இல் கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ என்ற ஊரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வேறொரு முறையைத் தொடங்கியது. கேளாமலே ஏறத்தாழ 60,000 பேருக்கு அட்டைகள் தபாலில் அனுப்பப்பட்டன. அவர்கள் முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளிப் போடலாம். நம் நாட்டு வங்கிகளும் 1980 முதல் அட்டைகளை வழங்கத் தொடங்கின. இன்று நம்மவர் கையிலுள்ள அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை பிரெஸ்னோவில் பிறந்த முறையைச் சேர்ந்தவையே.

முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, ஒரு மாதத் தவணை மட்டுமே தருகிறது. இரண்டாவது, ‘இப்போதைக்குச் சிறிது கட்டினால் போதும்’ என்கிறது. மாதக் கணக்குச் சீட்டில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று, செலுத்த வேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை. நான் அறிந்தவரையில், அட்டைக் கடனில் மூழ்கியவர்கள் எல்லாரையும் மூழ்கடித்தது இந்த இரண்டாவது தொகைதான்.

மொத்தத் தொகையையும் குறித்த நாளுக்குள் செலுத்துகிறவருக்கு வட்டி கிடையாது. பொருள் வாங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 45 அல்லது 50 நாட்கள் வரையிலுங்கூட அவருக்கு இலவசமாகத் தவணை கிடைக்கிறது. ஆனால் மொத்தத்தையும் செலுத்தாமல் ஒரு பகுதியை நிறுத்திவிட்டால் அச்சலுகை போய்விடுகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது; மறுமாதம் புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. அட்டையைக் கொண்டு ரொக்கமாகப் பணம் எடுத்தாலோ, எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டிதான். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வட்டி எவ்வளவு? பல அட்டைகளில் மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய். அதாவது ஆண்டுக்கு 42 ரூபாய். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கடன் கொடுப்பவர்கள் ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்று சொல்வார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று பொருள். ‘மூன்று வட்டி’ என்ற சொல் காதில் விழுந்தாலே என் தந்தையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அழகான அட்டையில் வருவது அதனினும் கூடிய மூன்றரை வட்டி. அந்த வட்டியின் மேல் சரக்கு சேவை வரியும் நூற்றுக்கு 18 வீதம் சேர்கிறது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 50,000 ரூபாய் அட்டைக் கடன் இருக்கிறது. அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதந்தோறும் நிலுவையில் நூற்றுக்கு ஐந்து வீதம் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டி வருகிறார். முதல் மாத வட்டி 1,750 ரூபாய். அதன் மேல் வரி 315 ரூபாய். அவர் கட்டுவது ஏறத்தாழ 2,600 ரூபாய். அதில் 2,065 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விட, கடனில் கழிவது சுமார் 540 ரூபாய்தான். இவ்வாறே ஓராண்டு கட்டினால், அவர் கையிலிருந்து 29,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். கடனோ 6,000 ரூபாய் அளவே குறைந்திருக்கும். கடன் பாதியாகக் குறைவதற்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் கட்டியிருப்பது 1,20,000 ரூபாய்க்கு மேல்! குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும் முறை வங்கிக்கு வங்கி சிறிது வேறுபடும். ஆயினும் கதையின் போக்கு ஏறக்குறைய இதுவே.

அதே மனிதர் குறைந்தபட்சத் தொகையை மறந்துவிட்டு, மாதம் 5,000 ரூபாய் என்று உறுதி செய்துகொண்டு கட்டினால் என்ன ஆகும்? பதினான்காவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வட்டியும் வரியுமாக ஏறத்தாழ 16,000 ரூபாயோடு போகும். கட்டும் தொகை இரு மடங்கு ஆவதற்குள், ஆண்டுக் கணக்கான சுமை மாதக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வளவு எளிய கணக்கைப் படித்தவர்கள் அறியாமலா இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு என்னையே சான்றாகக் காட்டுவதில் எனக்கு நாணம் உண்டு, எனினும் சொல்கிறேன். நான் கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பவன். 2018-இல் என் தந்தையாரின் அறுவைச் சிகிச்சைக்காக 1,35,000 ரூபாயை அட்டையில் செலுத்தினேன். மூன்று வட்டிக்கு அஞ்சியவருடைய மருத்துவச் செலவு மூன்றரை வட்டியில் வந்தது. பிறகு மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டினேன். நாள் தவறாமல் கட்டுகிறோம் என்பதே எனக்கு ஒரு பெருமையாகவும் இருந்தது. இடையிடையே மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே அட்டையை நீட்டினேன். பதினான்கு மாதங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு அருகில் கட்டிய பிறகும் கடன் 1,40,000 ரூபாயாக நின்றது. அந்தப் பதினான்கு மாதங்களும் வகுப்பில் கூட்டுவட்டிப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தேன். கணக்குச் சீட்டு வந்தால் பிரித்துப் பாராமல் மேசையின் கீழறையில் வைத்துவிடுவேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் என் மனைவி ஏதோ தேடும்போது அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு இருவரும் அமர்ந்து சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி, ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினோம். கடனை அடைக்க நான் செய்த முதற் காரியம் அதுதான்.

மறுவாரம் கல்லூரிப் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் 12 சதவீத வட்டிக்குக் கடன் கேட்டேன். அதற்கு ஜாமீன் வேண்டும். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் காரணத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. அவர் கையெழுத்திட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எனக்கு இரண்டு அட்டைகளில் இருக்கிறது ஐயா” என்றார். சங்கத்துப் பணத்தால் அட்டைக் கடன் முழுவதையும் ஒரே நாளில் தீர்த்தேன். பின்னர் மாதம் 8,540 ரூபாய் வீதம் பதினெட்டு மாதங்களில், 2021 ஏப்ரலில், சங்கத்துக் கடனும் முடிந்தது. மொத்த வட்டி 13,700 ரூபாய் அளவே. முன்பு மாதம் 7,000 ரூபாய் கட்டியும் அசையாத கடன், இன்னும் 1,500 ரூபாய் கூட்டியதும் அடியோடு தீர்ந்தது. வட்டி விகிதம் செய்த வேலை அது.

என் அனுபவத்தையும் பிறர் அனுபவத்தையும் கொண்டு, மீளும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கடன் தீரும்வரை அட்டையைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளில் பதிந்து வைத்த அட்டை எண்ணையும் நீக்கிவிட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தோணியிலிருந்து நீரை இறைத்துப் பயனில்லை. இரண்டாவது, எந்த அட்டையில் எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்றாவது, குறைந்தபட்சத் தொகையைப் பாராமல், வீட்டுச் செலவு போக இயன்ற அளவு பெரிய தொகையொன்றை மாதந்தோறும் கட்ட வேண்டும். அட்டைகள் பல இருந்தால், எல்லாவற்றிலும் குறைந்தபட்சத்தைச் செலுத்திவிட்டு, மிஞ்சியது முழுவதையும் வட்டி மிகுந்த அட்டையில் கட்டுவதே கணக்குக்கு ஒத்தது. நான்காவது, கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன் போன்ற குறைந்த வட்டிக் கடனைப் பெற்று அட்டைக் கடனைத் தீர்க்கலாம். அப்படித் தீர்த்த பிறகு அட்டையில் மீண்டும் கடன் ஏற்றினால் ஒரு கடன் இரண்டாகும். ஒரு அட்டைக்காக மற்றோர் அட்டையில் வாங்குவதையும், கைப்பேசிச் செயலிகளில் நொடியில் கிடைக்கும் கடன்களையும் நாடவே கூடாது.

கட்டவே இயலாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாமல் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்த வட்டியில் தவணையாக்கித் தரும்படி கேட்க வேண்டும். ஒரு பகுதியைக் கட்டி மீதியைத் தள்ளுபடி செய்துகொள்ளும் சமரச முறையும் உண்டு. ஆனால் அது கடன் தகவல் அறிக்கையில் குறிப்பாக ஏறி, பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது தடையாக நிற்கக்கூடும். சிபில் போன்ற நிறுவனங்கள் வைத்துள்ள அந்த அறிக்கையில் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதனை இலவசமாகப் பெற்றுப் பார்க்கலாம். கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், அட்டையை முடித்துவிடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும், கேளாமல் அட்டை அனுப்பக் கூடாது என்றும் விதித்தது.

வட்டிக்குச் சட்டம் வரம்பு கட்டவில்லையா என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே மூன்றரை வட்டியிலிருந்து நம்மைக் காப்பது நம் கணக்கறிவேயாகும்.

மீண்டவர் மீண்டும் விழாதிருக்க, மாத இறுதியில் முழுத் தொகையையும் கட்டப் பணம் இருந்தால் மட்டுமே அட்டையை நீட்ட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் செல்ல ஏற்பாடு செய்யும்போது, ‘மொத்தத் தொகை’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘குறைந்தபட்சத் தொகை’ என்பதைத் தேர்ந்தவர்கள் தாம் கடன்காரர் ஆனதையே நெடுநாள் அறியாதிருக்கிறார்கள். நோய், வேலையிழப்பு போன்றவற்றுக்காக மூன்று மாதச் செலவுக்குரிய பணத்தைச் சிறுகச் சிறுகத் தனியே சேர்க்க வேண்டும். அத்தகைய சேமிப்பு 2018-இல் என்னிடம் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது.

இன்னும் ஒன்று. இப்பொழுதே உங்கள் வீட்டில் யாரேனும் கணக்குச் சீட்டுகளைப் பிரிக்காமல் வைத்திருக்கக்கூடும். அவர் உங்கள் தந்தையாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்து, “வாருங்கள், கூட்டிப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.