கடல் கொண்ட கரை எவ்வளவு?
வானிலிருந்து ஒரு கணக்கு

தை முதல் நாள் கல்கத்தாத் தமிழர் வீடுகளில் பொங்கல் பொங்கும் வேளையில், கங்காசாகரில் லட்சக்கணக்கானோர் புனித நீராடுகின்றனர். எஸ்பிளனேடில் பஸ் ஏறி, காக்துவீப்பை அடுத்து முரிகங்கா ஆற்றை லாஞ்சில் கடந்து அங்கு சென்று வந்த நம்மவர்கள் பலர் உண்டு. ஆனால், அங்குள்ள கபில முனிவர் கோயில் முதலில் கட்டிய கோயில் அல்ல என்பதை அறிந்தவர் சிலரே. முன்பிருந்த கோயில்களைக் கடல் விழுங்கிவிட்டது. இப்போதுள்ளது 1970களில் எழுந்தது. அதையும் கடல் நெருங்கி வருகிறது.

அளப்பது எப்படி?

கரை நகர்வதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வற்றத்தின்போது அகன்று தெரியும் மணல், ஏற்றத்தின்போது மறைந்துவிடும். ஆகவே, உயர்ந்த ஏற்றம் தொடும் கோட்டையே விஞ்ஞானிகள் பெரும்பாலும் கரையாகக் கொள்கின்றனர்.

1972 முதல் அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக் கோள்களும், 1988 முதல் இந்தியச் செயற்கைக் கோள்களும் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டின் கரையையும் கோடாக வரைந்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். இடைவெளியை அளந்து ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்குக் கிடைத்துவிடும்.

வங்கமும் தமிழகமும்

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கரையை இவ்வாறு அளந்தது. மேற்கு வங்கக் கரை 534 கிலோ மீட்டர். அதில் சுமார் 60 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. தமிழகத்தின் 991 கிலோ மீட்டரில் சுமார் 43 சதவீதம் அரிக்கப்படுகிறது.

சாகர் தீவுக்கு அருகிலுள்ள கோராமாரா, பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை இழந்துவிட்டது. லோஹாசாரா தீவில் குடியிருக்க வழியில்லாமல் போயிற்று. இவற்றில் வாழ்ந்த பல குடும்பங்கள் சாகரில் குடியேற்றப்பட்டன. அவர்கள் அடைக்கலம் புகுந்த அந்தத் தீவும் ஓரத்தில் கரைகிறது!

மனிதர் செய்த வினை

கடல் மட்ட உயர்வும், 2009இல் ஐலா, 2021இல் யாஸ் போன்ற புயல்களும் காரணங்களே. ஆயினும் மனிதர் கைவேலைக்கும் பங்கு உண்டு. இதற்குச் சென்னையே சாட்சி. அங்கே கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணலின்றிக் கடல் ஊருக்குள் புகுந்தது. அங்கு கற்களைக் கொட்ட, அரிப்பு மேலும் வடக்கே தள்ளிப் போயிற்று.

திகா, மந்தார்மணி கடற்கரைகளில் ஓட்டல்கள் பெருகிய இக்காலத்தில் இந்தப் பாடம் வங்கத்துக்கும் பொருந்தும். ஓரிடத்தில் கட்டும் சுவர் அடுத்த ஊரின் மணலைப் பறிக்கலாம். அதை முன்கூட்டியே காட்டுவது இந்த நிலப்படங்கள்தான். அவற்றைப் பார்த்த பிறகு அஸ்திவாரம் தோண்டினால், இன்னொரு கோராமாரா உருவாகாமல் காக்கலாம்.