அறுந்த வெள்ளைக் கோடு

"ஏனுங்க, ஒரு பல்லைப் பிடுங்க எத்தனை படமுங்க? ஓ.பி.ஜி. எடுத்தாச்சு, இப்ப ஸ்கேனும் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. நெசமாலுமே வேணுமா, காசு பார்க்கற வேலைங்களா?" சோமனூரில் விசைத்தறி ஓட்டும் வாசகர் கேட்டிருக்கிறார். கீழ்க் கடைவாய்ப் பல் முளைக்க இடமில்லாமல், முன்னாலுள்ள பல்லில் முட்டிப் படுத்துக் கிடக்கிறதாம்.

தறிக்காரருக்குத் தறியை வைத்தே சொல்கிறேன். எங்கள் தறிக்குடோனில் அப்பா துணியை மடிக்கும் முன் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பாவில் ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி நெடுக வெளிச்சம் கோடாக ஓடும். இல்லாத இழையைத்தான் அவர் கண் தேடும்.

பல் மருத்துவர் கண்ணும் அப்படித்தான். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாகத்தான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. தலையைச் சுற்றிவந்து எடுக்கும் எக்ஸ்-ரே படமான ஓ.பி.ஜி.யில் அந்தக் குழாயின் சுவர்கள் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். பல்வேரைக் கடக்கும் இடத்தில் கோடு அறுந்திருக்கிறதா, வேர் கறுத்திருக்கிறதா, குழாய் விலகி வளைகிறதா? நரம்பு காயப்படும் ஆபத்தோடு இந்த மூன்றும் சேர்ந்து வருவதை ரூட், ஷெஹாப் என்ற இருவர் 1990இல் ஆய்ந்து காட்டினார்கள்.

ஆனாலும் அது சந்தேகம்தான், தீர்ப்பில்லை. ஓ.பி.ஜி. முன்னும் பின்னும் கிடப்பதை ஒரே தாளில் அமுக்கிவிடும். நரம்பு வேருக்குக் கன்னப் பக்கமா, நாக்குப் பக்கமா என்று அதில் தெரியாது. 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான சி.பி.சி.டி. ஸ்கேன், வாழைத்தண்டை நறுக்கிப் பார்ப்பதுபோலத் தாடையைக் குறுக்கே அரிந்து காட்டும். எலும்பை எங்கே குடைவது, பல்லை எப்படித் துண்டாக்குவது என்பதெல்லாம் அதைப் பார்த்து முடிவாகும். நரம்போடு வேர் ஒட்டிக் கிடந்தால், மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

அதற்காக எல்லோருக்கும் ஸ்கேன் எழுதுவது சரியில்லை. கோடுகள் வேரை விட்டு விலகித் தெளிவாக ஓடினால் ஓ.பி.ஜி.யே போதும், ஸ்கேனில் செலவும் கூடுதல், கதிர்வீச்சும் கூடுதல். நம் பக்கமும் தப்பு இருக்கிறது. இழை அறுந்தால் தறியை அந்த நிமிஷமே நிறுத்துகிற நாம், பல் வலித்தால் கிராம்பையும் மெடிக்கல் மாத்திரையையும் வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து, "கோடு எங்கீங்க அறுந்திருக்குது?" என்று டாக்டரிடமே கேளுங்கள். காட்டினால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பழகிய கண்தானே!