அணை நீரும் மீன் இனங்களும்

ஆற்றில் நீர் ஓடுகிறது. அணையில் நீர் நிற்கிறது. மீன்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஆற்றின் குறுக்கே அணை எழுந்ததும், அங்கு வாழும் மீன் இனங்களின் பட்டியலும் மாறத் தொடங்கிவிடுகிறது. இதற்குத் தேனி மாவட்டமே நல்ல எடுத்துக்காட்டு.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பண்ணைப்புரம், உத்தமபாளையம் வட்டாரத்தார் நன்கறிந்த முல்லைப் பெரியாறு இதுவே. இது வைகையுடன் கலந்து, ஆண்டிபட்டிக்கு அருகில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது.

மீன்களின் மூச்சு

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையே மீன்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பெரும்பாலான மீன்கள் செழிக்க 5 மில்லிகிராமாவது வேண்டும்.

பாறைகளில் மோதி ஓடும் ஆற்று நீர் காற்றுடன் ஓயாமல் கலக்கிறது. தேங்கிய நீரிலோ வெயிலில் சூடான மேல்நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுகிறது. அடியில் மக்கும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கழிவுநீரும் உரச்சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிட்டாலும், இரவில் அதுவும் சுவாசிப்பதால் விடியற்காலையில் மீன்கள் திணறும். அப்போது விரால், தேளி போன்றவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை.

முட்டையிட இடம்

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுகின்றன. எனவே மூன்றும் ஒரே தேக்கத்தில் சேர்ந்து வாழலாம். ஆனால் இவை இனப்பெருக்கம் செய்ய மழைக்கால வெள்ளம் வேண்டும். நிற்கும் நீரில் இவை முட்டையிடுவதில்லை. அதனால்தான் அணைகளில் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விடவேண்டியிருக்கிறது.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, கரையோரச் செடிகளில் ஒட்டிய முட்டைகள் காய்ந்துவிடும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவுக்கு (ஜிலேபி மீன்) இந்தக் கவலையே இல்லை. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கிறது. நீர் இறங்கினால் முட்டைகளுடன் நகர்ந்துவிடுகிறது. நிலைமை கெடக்கெட இத்தகைய மீன்களின் கை ஓங்குகிறது.

ஓரிடத்து மீன்

இதே நீரின் தலைப்பகுதியான பெரியாற்றின் மேல் ஓடைகளில் லெப்பிடோபிகாப்சிஸ் டைப்பஸ் என்னும் மீன் வாழ்கிறது. 1941இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இது, உலகில் வேறெங்கும் இல்லை. இதற்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீர் தேவை. கீழே தேக்கடி ஏரியிலோ, அயலிடத்திலிருந்து வந்த சாதாக்கெண்டையும் திலேப்பியாவும் பெருகியுள்ளன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை அழியும் ஆபத்திலுள்ள இனங்களுள் சேர்த்துள்ளது.

ஆகவே, அணையில் எத்தனை டன் மீன் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் போதாது. எத்தனை இனங்கள் கிடைத்தன என்றும் கேட்கவேண்டும். வலை நிறையத் திலேப்பியா விழும் ஆண்டிலேயே ஆற்று மீன் ஒன்று ஓசையின்றி மறைந்துகொண்டிருக்கலாம். ஓடைகளை ஓடவிடுவது, கழிவைத் தடுப்பது, புதிய அயல் மீன்களை விடாதிருப்பது ஆகிய மூன்றும் நம்மால் ஆகக்கூடியவை. கட்லாக் குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து மீண்டும் கொண்டுவரலாம். பெரியாற்று மீன் அழிந்தால் அதை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.