மாடிப்படிக்குக் கம்பளம்

சென்ற ஆவணியில் ஒரு மாலைப்பொழுது. வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடியறையின் சன்னல்களைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிய எம் அன்னையார், தரைக்கு இன்னும் மூன்று படிகள் இருக்கையில் கால் வழுக்கி அப்படியே அமர்ந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து பத்து நாள்கள் மாடிப்படிப் பக்கமே அவர் வரவில்லை. எழுபத்தெட்டு வயதில் உடலுக்குப் பட்ட அடி ஆறிவிடும். மனத்தில் புகுந்த அச்சம் எளிதில் ஆறுவதில்லை.

குற்றவாளி யார் என்று ஆராய்ந்தோம். மழையுமன்று, முதுமையுமன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் யாமே ஆசைப்பட்டுப் படிகளின்மேல் ஒட்டுவித்த லேமினேட் பலகைதான்!

சால்ட் லேக்கில் வாழும் நம்மவர்க்கு இந்நிலத்தின் வரலாறு தெரிந்ததே. உவர்ச் சதுப்பாய்க் கிடந்த இடத்தை, 1960-களில் யூகோஸ்லாவிய நிறுவனமொன்று ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்வழிக் கொணர்ந்து மேடாக்கிற்று. அந்நாட்டு அறிஞர் டோஷ்கோவிச் நகரின் அமைப்பை வகுத்தார். அன்று இளமையோடு வந்து மாடிவீடு கட்டிய குடும்பங்களில், இன்று அம்மாடிக்கு ஏற முழங்கால் இசையாதவர்கள் பலர். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கின்றனர். ஆகவே படிக்கட்டைப் பற்றிய பேச்சு வெறும் அலங்காரப் பேச்சன்று.

லேமினேட் என்பது மரம் போலத் தோன்றும், மரமன்று. மரநாரை அழுத்திச் செய்த பலகையின்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளைப் பதித்து, மெலமைன் பூச்சு இட்டது. ஸ்வீடன் நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய இது, காய்ந்த அறைத் தரைக்கு நல்லதே. ஆனால் மழைக்காலத்தில் கொல்கத்தாக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும்போது, விளிம்பு வழியே நீரை உறிஞ்சி இப்பலகை உப்புகிறது. ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எம் படிகளில் முனைப்பட்டை தளர்ந்து, மிதித்தால் மெல்ல அசைந்தது. ஈரக்கால் வைத்தால் கண்ணாடிதான்.

மிஸ்திரி வந்து பலகையைப் பெயர்த்தபோது, அடியில் பழைய மொசைக் படிகள் பசைக் கறையோடு, ஆனால் விரிசலின்றி இருந்தன. அவற்றை மூடினோமே என்று சற்று நாணினோம். அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விடலாம், முனைகளில் சொரசொரப்புப் பட்டை ஒட்டினால் போதும், செலவும் குறைவு. ஆயினும் மொசைக்கின் முனைகள் நாள்பட்டு மழுங்கியிருந்தன. தவறி விழுந்தால் கல் கல்தான். எனவே கம்பளமே என முடிவு செய்தோம்.

உடனே அன்னையார், "பெட்டியில் பவானி ஜமக்காளம் கிடக்கிறதே, அதை விரித்தால் ஆகாதா?" என்றார். ஆகாது. பருத்தி ஜமக்காளம் கூடத்தில் விருந்தினரை அமர்த்துவதற்கு அரசன். பிடிப்பின்றிப் படியில் விரித்தால் அதுவே எமன். படியில் இடுவது எதுவாயினும் இம்மியும் நகரக் கூடாது.

சணல் விரிப்பையும் எண்ணினோம். 1855-இல் ரிஷ்ராவில் முதல் ஆலை எழுந்தது முதல் சணலே இவ்வூரின் பெருந்தொழில் அன்றோ? அமெரிக்கக் கம்பளங்களின் முதுகுத் துணியாகக்கூட ஒரு காலத்தில் ஹூக்ளிக்கரைச் சணலே கப்பலேறிற்று. பின்னர் பாலிபுரொப்பிலீன் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நனைந்த சணல் பூசணம் பிடிக்கும். மனமில்லாமலேயே நைலானைத் தேர்ந்தோம். அதன் முதுகும் பாலிபுரொப்பிலீனே!

கம்பளத்தில் அறிய வேண்டியவை சில உண்டு. மயிர் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருத்தல் வேண்டும். பஞ்சுபோல் புதைவது முதியோர் காலை ஏமாற்றும். அடியில் இடும் மெத்தையும் மெல்லியதாய், கெட்டியாய் இருக்கட்டும். மயிரின் சாய்வு கீழ்நோக்கி அமைய வேண்டும். பூவேலையை யாம் தவிர்த்தோம். மங்கிய கண்ணுக்குப் படியின் முனை தெரியாமல் போகும். கம்பளத்தைச் சுவர் முதல் சுவர் வரை பரப்பாமல், இருபுறமும் நான்கு அங்குலம் மொசைக் தெரியும்படி நடுவில் மட்டும் இட்டோம். முள்பட்டைகளைப் படியின் உட்கோணத்தில் அறைந்து, ஒவ்வொரு முனையையும் இறுகச் சுற்றி இழுத்தல்தான் வேலையின் உயிர்நாடி. எம் மிஸ்திரி இரண்டாம் படியில் சற்றுத் தொய்வு விட்டார். மீண்டும் பிரிக்கச் செய்தோம். அவருக்கு வருத்தந்தான்.

படிகளின் உயரம் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்பதைப் பலர் மறக்கின்றனர். வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. எல்லாப் படிகளிலும் கம்பளம் ஏறி, மேல்தளத்தில் மட்டும் ஏறாவிட்டால், கடைசி ஏற்றம் கம்பளத்தின் கனத்தளவு குறையும். கால் கணக்கு வைத்து நடப்பது. அவ்வளவே தடுமாறப் போதும். ஆதலால் மேல்தள முகப்பிலும் ஒரு துண்டு இட்டோம், கீழ்த்தரையிலும் அவ்வாறே.

குறையும் உண்டு. ஈரக் காற்றில் கம்பளத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுயிர்கள் பெருகும். வீட்டில் இழுப்பு நோயாளர் இருந்தால் கம்பளம் வேண்டா. மொசைக்கும் சொரசொரப்புப் பட்டையுமே நலம். முள்பட்டையில் மாட்டிய கம்பளத்தை மார்கழி வெயிலில், அண்டை வங்காளியர் ரஜாயை உலர்த்துவதுபோல் எடுத்து உலர்த்தவும் இயலாது. வாரம் இருமுறை தூசி உறிஞ்சியால் இழுக்கின்றோம். மழைக்காலத்தில் காலணி வாயிலோடு நிற்கிறது. இதே கையோடு சுவரோரம் இரண்டாவது கைப்பிடியும், மேலும் கீழும் விளக்கு விசையும் பொருத்தினோம்.

வேலை முடிந்த மாலை, அன்னையார் கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாய்க் காலால் தடவிப் பார்த்து மேலேறினார். சன்னலைச் சாத்திவிட்டுத் தாமே இறங்கினார். மிஞ்சிய இரண்டடித் துண்டை, முனை தேய்ந்தால் மாற்றுவதற்கென்று பரணில் வைக்க எண்ணியிருந்தோம். அவரோ அதனை அரிவாள்மணைக்கு முன் விரித்து அமர்ந்துவிட்டார். கேட்டால் தர மறுக்கிறார்.