வருடத்துக்கு ஒரு மணித்தியாலம்

திருகோணமலையில் சீனி வருத்தக்காரர் ஒருவரின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் மாதத்துக்கு ஒரு பதிவு: திகதி, பிரஷர், சீனி அளவு, மெட்போர்மின் 500 மி.கி. காலை 2, இரவு 2. நாளுக்கு 4 குளிசை, வருடத்துக்கு 1,460. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. தட்டுப்பாடு வைத்தியரின் நேரத்துக்குத்தான்.

2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வு, 20 வயதைக் கடந்தோரில் 10.3% பேருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் 36% பேர் அதை அறியாமலே இருந்தார்கள். 2018-19இல் இன்னொரு ஆய்வு கண்டது 23%. இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல. ஆனாலும் தொகை ஏறியிருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1,000 வளர்ந்தோர் உள்ள ஊரை எடுப்போம். 230 பேருக்கு நீரிழிவு. எல்லோரும் மாதந்தோறும் வந்தால் வருடத்தில் 2,760 வருகை. ஒருவருக்கு 5 நிமிடம் என்று வைத்தால் வைத்தியருக்கு 230 மணித்தியாலம், நோயாளிக்கு வருடம் முழுவதற்கும் ஒரே ஒரு மணித்தியாலம்.

அந்த 5 நிமிடம் அளவைப் பார்த்து மருந்து எழுதவே சரி. செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்குகளைப் பார்ப்பது அதற்குள் அடங்காது. கால் உணர்வைச் சோதிக்கத் தங்கூசி போன்ற நைலோன் இழை ஒன்று போதும். கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை பாதத்தில் அழுத்துவார்கள். அந்த அழுத்தம் 10 கிராம். அது தெரியாத காலுக்குச் சிப்பி கிழித்தாலும் தெரியாது. கரைவலை இழுக்கிறவருக்கு இந்தச் சோதனை தவறக்கூடாது. பிரித்தானியாவின் யூ.கே.பி.டி.எஸ். ஆய்வில், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி 1% குறைவாக இருந்தவர்களிடம் கால் துண்டிப்பும் இரத்தக்குழாய் அடைப்பால் வரும் சாவும் 43% குறைந்திருந்தன. கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

நேரத்துக்கு எங்கே போவது? 230 பேரில் பாதிப்பேருக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த 115 பேருக்கும் இரண்டு மாதக் குளிசையை ஒன்றாகக் கொடுத்தால் 690 வருகை குறையும். மிஞ்சுவது 57.5 மணித்தியாலம், 230 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 15 நிமிடம். காலையும் சிறுநீரையும் ஆறுதலாகப் பார்க்க அது போதும். வருடக் கணக்கில் ஒரு குளிசைகூட அதிகமாகாது. நோயாளிக்கோ ஆறு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்புக்கு முன்பே இந்த நிமிடங்கள் வேண்டும். மெட்போர்மினால் மட்டும் சீனி அதிகம் தாழாது; கிளிக்கிளசைட் எடுப்பவருக்குத் தாழலாம். இருவேளை எடுப்பவருக்கு ஸஹர் நேரத்து அளவைக் குறைக்க வேண்டிவரும். சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும். இதை முதல் நோன்பன்று வரிசையில் நின்றபடி விளக்க முடியாது.

பிளேன்டீயையும் கேட்க வேண்டும். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம் சீனி, மாதத்தில் 1.2 கிலோ. உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்வது நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம், சுகதேகிகளுக்கே அவ்வளவுதான்.

நோயை அறியாதவர்களைக் கண்டுபிடிக்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் குறைவு. காலையில் கரைக்கு வந்து மீன் விற்கிறவர் அந்த நேரத்தில் கிளினிக் வரிசையில் நிற்கமாட்டார். வாரத்தில் ஒரு பின்னேரமாவது துறைமுகப் பக்கத்து நிலையங்களைத் திறந்து வைக்க வேண்டும்.